சாலையின் இரு பக்கங்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் தங்கை உடல் தேறி மறுபடியும் வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டாள் என்ற வரியைப் படித்ததும் மனம் லேசாகிவிட்டது. இங்கு நாங்கள் நலம். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். மாலை வேளைகளில் வீடு முன்னைவிட அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில் அமர்ந்துதான், எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம் என்று நீ கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஒரே பெருஞ்சாலையின் இரு பக்கங்களிலும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: கிழக்கே குறுகிய தெருக்களும் முதிர்ந்த மரங்களும் கொண்ட பழைய குடியிருப்பு, மேற்கே அகலமான சாலைகளும் உயர்ந்த அடுக்ககங்களும் கொண்ட புதிய பகுதி. கையில் உள்ள பணத்துக்குக் கிழக்கே இரண்டு படுக்கையறை, மேற்கே மூன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் நீயும் தங்கையும் இரண்டு மாதங்களாகத் தவிக்கிறீர்கள் என்பது நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தாலே புரிகிறது. அதை மிகுந்த அக்கறையோடு தயாரித்திருக்கிறாய். ஆனால் சமையலறை மேடைக்குக் கொடுத்த அதே மதிப்பெண்ணைத் தெரு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கும் கொடுத்திருக்கிறாய். சமையலறை மேடையை நாளைக்கே இடித்து மாற்றிவிடலாம். தெருவின் உயரத்தை உன் வாழ்நாளில் நீ மாற்ற முடியாது. ஆகவே, உன்னால் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவற்றை எல்லாம் அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் வைத்து இரண்டு பகுதிகளையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்.

மிஞ்சுவதில் முதலாவது தண்ணீர். மேற்குப் பகுதி தாழ்வான நிலம் என்றும், தரகர் அதைப் பற்றிக் கேட்டபோது "நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்" என்று சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். இந்தச் சொற்றொடர் நம்மைப் போன்றவர்களைப் பெரிதும் ஏமாற்றிவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அப்படியொரு வெள்ளம் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படியானால் நீ வீட்டுக் கடனை அடைக்கப்போகும் 20 ஆண்டுகளில் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. 30 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தால் 26 விழுக்காடு. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாய்ப்பை யாரும் அரிது என்று ஒதுக்க மாட்டார்கள். ஊர்கள் பெரும்பாலும் முதலில் மேட்டில்தான் எழுந்தன. மேட்டு நிலம் தீர்ந்த பிறகே பள்ளத்துக்கு இறங்கின. பழைய பகுதி உயரமாக இருப்பதும் புதிய பகுதி தாழ்ந்திருப்பதும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல.

இதற்குத் தரகரையோ கட்டுநரையோ கேட்காதே. தரைத்தளத்தில் நெடுநாளாக வாடகைக்கு இருப்பவரைக் கேள். அவருக்கு விற்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் ஈரக்கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, வாசற்படிகளைப் பிறகு உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, சாலையை மேன்மேலும் போட்டுப் போட்டு அது வாசலைவிட உயர்ந்துவிட்டதா என்று பார். கிழக்கிலும் இந்தக் கடைசிக் குறை இருக்கலாம். பழைய தெரு என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதே.

அடுத்தது பயணம். இதைப் பற்றி நான் சற்று நீளமாகவே எழுதுவேன், ஏனென்றால் இதில்தான் நான் தவறினேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தள்ளியிருந்த வீட்டை வாங்கியபோது, அலுவலகத்துக்குப் போக 25 நிமிடம் மட்டுமே கூடும் என்று கணக்குப் போட்டோம். போக 25, வர 25, ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் அது 200 மணி நேரம். மகள் பள்ளிக்குச் சென்ற ஆண்டுகளில் அவள் உறங்கிய பிறகே நான் வீடு திரும்பிய மாலைகள் எத்தனையோ. கூடுதலாகக் கிடைத்த அந்த அறையில் அந்தக் காலம் முழுவதும் பெட்டிகள்தாம் அடுக்கியிருந்தன. இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமன்று. சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்களான அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரையும் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், நெடுந்தூரப் பயணத்தைப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுசெய்துவிடுவதில்லை என்றும், பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைவாகவே காணப்பட்டது என்றும் காட்டியிருக்கிறார்கள். அதை நான் வீடு வாங்குவதற்கு முன் படித்திருக்கக் கூடாதா என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

உன் இரண்டு பகுதிகளும் அருகருகே இருப்பதால் அலுவலகத் தூரத்தில் பெரிய வேறுபாடு இராது என்று நீ சொல்லலாம். ஆனால் ரயில் நிலையமும் சந்தையும் மருத்துவமனையும் கிழக்கே இருக்கின்றன. மேற்கிலிருந்து ஒவ்வொரு முறையும் பெருஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். நீயும் நானும் 400 மீட்டரை ஐந்து நிமிடத்தில் நடந்துவிடுவோம். உன் தாயார் அதே தூரத்தை எவ்வளவு நேரத்தில் நடப்பார், இடையில் உட்கார இடமுண்டா, சாலையைக் கடக்கும் விளக்கு அவர் மறுகரை சேரும் வரை பச்சையாக எரிகிறதா என்பதை ஒருநாள் அவரையே அழைத்துச் சென்று பார்த்துவிடு. அவர் தானாக வெளியே போய்வர முடிகிற வீடா, யாராவது அழைத்துப் போனால்தான் போக முடிகிற வீடா என்பது அவருடைய கடைசிக் காலத்தையே வேறாக்கிவிடும்.

மேற்கே நீங்கள் பார்த்த அடுக்ககம் பெருஞ்சாலையை ஒட்டியே இருப்பதும் எனக்குக் கவலை தருகிறது. 1960களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரியல் பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோ நகரில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. ஓசையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018இல், சாலைப் போக்குவரத்தின் இரவுநேர ஓசை வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்கு (ஓசையை அளக்கும் அலகு) கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்து டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டு அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். வேலை நாளில் இரவு பதினொரு மணிக்குச் சென்று, படுக்கையறையாகப் போகும் அறையின் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு நீ மூன்று பத்தி எழுதியிருந்தாய். நான் ஒன்றுதான் சொல்வேன். கட்டடம் பழையதாகப் பழையதாக மதிப்பு குறையும், மதிப்பு ஏறுவது நிலம்தான். உயர்ந்த அடுக்ககத்தில் உன் பங்குக்கு வரும் நிலம் மிகக் கொஞ்சம்.

இவ்வளவு எழுதிய பிறகு, நான் கிழக்கின் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஆம், சாய்ந்துதான் இருக்கிறேன். ஆயினும் அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் வாசல் வரை வர முடியாது என்றால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். உன் தாயாரை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட வீட்டில் இருக்க வேண்டாம். குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் எந்தக் காலத்தவை, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு எழுது. தங்கைக்கு மூன்றாவது அறை வேண்டும் என்பது வெறும் ஆசை அன்று. உடல்நலம் குன்றியிருந்த மாதங்களில் தனியே இருக்க ஓர் இடமில்லாமல் அவள் பட்ட சிரமத்தை நீயே எழுதியிருக்கிறாய். கிழக்கே, பெருஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கொஞ்சம் பழைய மூன்று அறை வீடு ஒன்று கிடைக்குமா என்று பொறுமையாகத் தேடுங்கள். தரகர் அவசரப்படுத்துவார்; அவருக்காக நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குப் பிறகு எனக்கு ஒரு வார விடுப்பு இருக்கிறது. மழை தொடங்கியிருக்கும். நான் அங்கு வருகிறேன். ஒரு மாலை நல்ல மழையில், குடையை எடுத்துக்கொண்டு சாலையின் இரு பக்கங்களையும் நடந்து பார்த்துவிடுவோம். அதுவரை எங்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

தாயாருக்கு என் வணக்கம், தங்கைக்கு என் அன்பு.

என்றும் உன்,
பழைய நண்பன்