காஜா மீர் தர்த்: விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உருது கஜல் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, காஜா மீர் தர்தைத் ‘துயரத்தின் கவிஞர்’ என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டது. தர்த் என்றால் வலி என்பது உண்மைதான். ஆனால் அவர் 18-ஆம் நூற்றாண்டுத் தில்லியில் ஒரு சூஃபி நெறியின் ஷெய்காக, அதாவது குருவாக, இருந்தவர். அதைச் சொல்லாமல் அவருடைய கஜல்களைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். அந்த மற்றப் பாதிக்காகவே இந்தக் கடிதம்.

முதலில் புனைபெயர். அது சொந்தச் சோகத்தில் பிறந்ததல்ல, குருவழியில் வந்தது. தந்தை காஜா முஹம்மது நாஸிரின் குரு ஷா குல்ஷன். குல்ஷன் என்றால் மலர்த்தோட்டம். அந்த குல்ஷனின் குரு குல், அதாவது ரோஜா. ரோஜாவும் தோட்டமும் இருக்கும் இடத்தில் பாடும் பறவை வேண்டுமல்லவா? எனவே தந்தை ‘அந்தலீப்’, புல்புல், என்று பெயர் வைத்துக்கொண்டார். அவருடைய பெரிய பாரசீக உரைநடை நூலின் பெயர் ‘நாலா-எ-அந்தலீப்’, புல்புலின் ஓலம். அந்த ஓலத்தில் இருக்கும் வலி மகன் தர்த். அந்த ஓலம் கேட்பவர் நெஞ்சில் ஏற்படுத்தும் தாக்கம் இளைய மகன் அஸர். ‘க்வாப்-ஓ-கயால்’ என்ற மஸ்னவியை, அதாவது நெடுங்கவிதையை, எழுதிய மீர் அஸர் இவர்தான். இந்தச் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் பிடுங்கி ‘சோகம்’ என்று மொழிபெயர்த்தால் அதன் பொருள் போய்விடுகிறது.

நாஸிர் நக்‌ஷ்பந்தி என்ற சூஃபி வழியில் வந்தவர். 1734 வாக்கில் தமக்குக் கிடைத்த ஓர் ஆன்மிகக் காட்சியை அடுத்து ‘தரீக்கா முஹம்மதிய்யா’ என்ற நெறியைத் தொடங்கினார். அதன் முதல் முரீது (சீடர்) அவருடைய மகன். அப்போது தர்துக்கு வயது 13. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ராய்பரேலி சையத் அஹ்மத் நடத்திய போர் இயக்கத்துக்கும் இதே பெயர் உண்டு. அவர் 1831-இல் பாலகோட்டில் இறந்தவர். இரண்டையும் ஒன்றாக்கி, தர்தைப் போர் இயக்கத்தின் முன்னோடியாகக் காட்டுவது பிழை.

தர்த் 15 வயதில், ரமலானில் பள்ளிவாசலில் தனித்திருந்து வணங்கும் இஃதிகாஃப் இருந்தபோது, தொழுகையின் உட்பொருள் பற்றி ‘அஸ்ராருஸ் ஸலாத்’ எழுதினார். பிறகு வந்தது அவருடைய பெருநூல் ‘இல்முல் கிதாப்’, தாமே எழுதிய 111 சிறு பகுதிகளுக்கான நீண்ட விரிவுரை. அதன்பின் ‘நாலா-எ-தர்த்’, ‘ஆஹ்-எ-ஸர்த்’, ‘தர்த்-எ-தில்’, ‘ஷம்-எ-மஹ்ஃபில்’ என்ற நான்கு சிறுநூல்கள். எல்லாம் பாரசீகம். உருதுவில் அவர் விட்டுச்சென்றது ஏறக்குறைய 1500 ஈரடிகள் கொண்ட மெலிந்த திவான் (கவிதைத் தொகுப்பு) ஒன்றுதான். மன்னரைப் புகழும் கஸீதா ஒன்றுகூட அதில் கிடையாது.

அந்த நான்கு சிறுநூல்களிலும் தலா 341 பகுதிகள். இந்த எண்ணைத் தங்கள் கட்டுரை விட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய குறை. அப்ஜத் கணக்கில் ஒவ்வோர் அரபு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. நாஸிர் என்ற பெயரில் நூன் 50, அலிஃப் 1, ஸாத் 90, ரே 200, கூட்டினால் 341. தந்தையும் குருவுமான ஒருவரின் பெயரை மகன் நான்கு முறை, 1364 பகுதிகளாகக் கட்டி எழுப்பியிருக்கிறார். தமிழ் எழுத்திலிருந்து இதைக் கணக்கிட முயன்றால் தப்பும். ஸாதும் ஸீனும் நமக்கு ஒரே ‘ஸ’. ஸீனுக்கு 60 என்பதால் 311 வந்துவிடும். ஸாதுக்குக் கீழே வரும் இகரக் குறிக்கும் மதிப்பில்லை. எழுதப்படும் எழுத்தை மட்டுமே எண்ண வேண்டும்.

தேதிகளும் திருத்தப்பட வேண்டும். தர்த் பிறந்தது இஸ்லாமியப் பிறைக் கணக்கான ஹிஜ்ரியில் 1133 (கி.பி. 1721), மறைந்தது 1199 ஸஃபர் மாதம். ஹிஜ்ரி 1199 தொடங்கியது 1784 நவம்பரில். ஸஃபர் அதன் இரண்டாம் மாதம். அவர் மறைந்த அம்மாதத்தின் இறுதி வாரம் 1785 ஜனவரியில் விழுகிறது. மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் மாற்றினால் தங்கள் கட்டுரையில் வந்ததுபோல் 1784 ஆகிவிடும். வயதிலும் இதே சிக்கல். 1721-இலிருந்து கணக்கிட்டால் 64. பிறைக் கணக்கில் 66. அவருக்கு முக்கியமானது இந்த 66தான். அலிஃப் 1, லாம் 30, இன்னொரு லாம் 30, ஹே 5 என்று ‘அல்லாஹ்’ என்ற சொல்லின் மதிப்பு அது. தந்தையைப் போலத் தாமும் 66-இல் போவேன் என்று தர்த் முன்கூட்டியே எழுதிவைத்தார். அப்படியே நடந்தது.

பெயரை எழுதும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. ‘குவாஜா’ ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவது. உருதுவில் அங்குள்ள வாவ் எழுத்துக்கு ஒலி இல்லை. நம் ஊரில் காஜா மொய்தீன் என்று சொல்கிறோமே, அந்தக் ‘காஜா’தான் உச்சரிப்புக்கு நெருக்கம். ‘டர்ட்’ என்றும் அச்சாகிறது; இரண்டு எழுத்தும் மெல்லிய தகரமே. வெறும் ‘மீர்’ என்று தலைப்பிட்டால் வாசகர் அதே காலத்து இன்னொரு உருதுக் கவிஞரான மீர் தகீ மீரைத்தான் நினைப்பார். ‘ஷம்-எ-மஹ்ஃபில்’ என்பதைத் தங்கள் கட்டுரையாளர் ‘அவையின் மாலை’ என்று பெயர்த்திருக்கிறார். மாலைப்பொழுது ‘ஷாம்’, நெடில். இது குறில், கடைசியில் ஐன் எழுத்து வரும் ‘ஷம்அ’. பொருள், அவையின் விளக்கு.

இனி இசை. நக்‌ஷ்பந்திகள் மௌன திக்ரை, அதாவது ஓசையில்லாத இறைநினைவைப், போற்றுபவர்கள், இசையை ஒதுக்குபவர்கள். தர்தின் வீட்டிலோ மாதம் இருமுறை இசைக்கூட்டம் நடந்தது. பேரரசர் இரண்டாம் ஷா ஆலமும் வந்து கேட்டதுண்டு. இது வழிதவறல் என்று குறை சொன்னவர்களுக்கு அவர் ‘நாலா-எ-தர்த்’தில் பதில் எழுதினார். பாடகர்கள் தாமாக வருகிறார்கள், விரும்பும்வரை பாடுகிறார்கள், நான் அழைப்பதில்லை, மற்றவர்களைப் போல அதை வணக்கமாகவும் கருதுவதில்லை என்பது அதன் சாரம். நெறியை மறுக்காமல், தம் காதையும் மூடாமல் சொன்ன பதில் இது. அவருடைய கஜல் இன்றும் எளிதாகப் பாட வருவதற்கு இந்தப் பயின்ற காதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தில்லி சூறையாடப்பட்ட காலம் அது. 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா, 1757-இல் ஆப்கன் மன்னர் அப்தாலி. கவிஞர் சௌதா தில்லியை விட்டுப் போனார், 1782-இல் மீர் தகீ மீரும் லக்னோ போய்விட்டார். தர்த் போகவில்லை. மற்றவர்களுக்கு ஆதரிக்க ஓர் அரசவை வேண்டியிருந்தது. இவருக்கோ தந்தை விட்டுச்சென்ற இருக்கையும் முரீதுகளும் அங்கேயே இருந்தார்கள். துர்க்மான் வாசலுக்கு வெளியே அவர் அடக்கமான பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

தங்கள் கட்டுரை காதல் கவிதையாக எடுத்துக்காட்டிய ஈரடியையே பார்ப்போம்:

அர்ஸ்-ஓ-ஸமா கஹான் திரீ வுஸ்அத் கோ பா ஸகே
மேரா ஹீ தில் ஹை வோ கெ ஜஹான் தூ ஸமா ஸகே

மண்ணும் விண்ணும் உன் விரிவை எங்கே எட்டும்? நீ அடங்கும் இடம் என் நெஞ்சு ஒன்றுதான். வானமும் பூமியும் என்னைக் கொள்ளவில்லை, நம்பிக்கை கொண்ட அடியானின் நெஞ்சம் கொண்டது என்று சூஃபிகள் ஓதும் ஹதீஸ் குத்ஸீ (இறைவன் சொன்னதாக நபி அறிவித்த வாக்கு) இதன் அடியில் இருக்கிறது. முன்னிலையில் இருப்பவர் காதலி அல்லர்.

முதல் அடியின் ‘ஸமா’ வானம், அரபுச் சொல். இரண்டாம் அடியின் ‘ஸமா’ அடங்குதல், ஹிந்துஸ்தானி வினை. எழுத்துக்கூட்டிலும் இரண்டும் ஒன்றே: ஸீன், மீம், அலிஃப். வானம் என்ற சொல்லால் முடியாததை அதே எழுத்துகள் வினையாக மாறி, நெஞ்சுக்குள் செய்துவிடுகின்றன. சூஃபிகள் இசை கேட்பதற்கும் ‘ஸமா’ என்றே பெயர். அது ஐனில் முடியும் வேறு சொல். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றாகத் தெரிவதால் பொருளைக் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அடுத்த முறை இந்த ஈரடியை வெளியிடும்போது உருது எழுத்திலும் ஒரு வரி சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உருது இலக்கிய வாசகர் ஒருவர்,
வாணியம்பாடி