எங்களுக்குத் தோட்டம் படிப்பிச்ச கொரோனாவுக்கு நன்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயித்துக்கிழமை உங்கட பேப்பரில நடுப்பக்கத்தில கலர்ப் படத்தோட வந்த வீட்டுத்தோட்டக் கட்டுரையை வாசிச்சன். நல்ல கட்டுரை, எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனா அதில ஒரு வசனம், வீட்டுத்தோட்டம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்குக் கொரோனாதான் கற்றுக்கொடுத்தது எண்டு. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் வாசிச்சன், அப்பிடித்தான் கிடக்குது. எனக்கு 68 வயசு ஐயா. உரும்பிராய்ச் செம்மண்ணில பிறந்து அங்கயே கலியாணமும் முடிச்சு இண்டைக்கும் நாலு பரப்புத் தோட்டக் காணிக்கு விடியப்புறம் தண்ணி மாறுற ஆள் நான். இவ்வளவு காலமும் நான் குனிஞ்சு புல்லுப் பிடுங்கினது எந்தப் பள்ளிக்கூட மைதானத்தில எண்டு அந்தத் தம்பியிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.

கட்டுரைக்குப் பக்கத்தில முசுட்டை இலை எண்டு ஒரு படம். அது முசுட்டை இல்லை, கொவ்வை. முசுட்டை இலை வெட்டு இல்லாம வெத்திலை மாதிரி இருக்கும், பின்பக்கம் வெள்ளிச் சுணை மின்னும். எங்கட வேலியில படர்ந்து கிடக்கிறதைக்கூடத் தெரியாத ஆக்கள்தான் எங்களுக்கு எதிர்ப்புச் சக்திச் சாப்பாடு சொல்லித்தாறது.

உங்களுக்குத் தெரியாததே, எங்கட அப்பா 70களில மிளகாயும் வெங்காயமும் போட்டுத்தான் கல்வீடு கட்டினவர், 77க்குப் பிறகு மிளகாயையும் வெங்காயத்தையும் வெளிநாட்டில இருந்து வர விட்டிச்சினம், அதோட எங்கட வெங்காயத்தைக் கேக்க ஆளில்லை. பிறகு 90ஆம் ஆண்டு சண்டையோட எங்கட பக்கத்துக்குச் சாமான் வரத் தடை வந்துது. யூரியா இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கு. தண்ணி இறைக்கிற மிசினை மூடி வைச்சிட்டுத் துலாவில இறைச்சம், பனங்காயைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சம், ஜாம் போத்தல் விளக்கில இரவு கண்டு நட்டிருக்கிறம். ஒடியல் மாவும் மரவள்ளியும் முருங்கையிலையும் இல்லாட்டி என்ர நாலு பிள்ளையளும் என்னத்தைத் திண்டு வளர்ந்திருக்கும்? 95 ஐப்பசியில சண்டைக்குப் பயந்து இரவோட இரவா ஊரை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டம், அடுத்த வருசம் வந்து பார்த்தா வீட்டில ஓடு இல்லை, கதவு இல்லை, கோடிக்குள்ள முருங்கை மட்டும் நிக்குது. அண்டைக்குக் கறி அதுதான். அந்தக் காலத்தில எங்களை வந்து படமெடுத்து இவையள் மண்ணுக்குத் திரும்பிட்டினம் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. கொரோனா வந்தாப் பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு கத்தரிக்கண்டுக்குத் தண்ணி விட்டா அது செய்தி.

சரி, கொரோனா என்னத்தைக் காட்டினது எண்டு நான் சொல்லுறன். 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டாங்கள். என்ர பந்தலில பயித்தங்காய் முத்துற பருவம், கத்தரி இரண்டாம் ஆய்ச்சல். சந்தை பூட்டு. ஊரடங்கு நேரம் வெளிய போறதுக்குப் பாஸ் எடுக்கவேணும் எண்டு ஒரு கந்தோருக்குப் போன் எடுத்தா மற்றக் கந்தோருக்குப் போகச் சொல்லினம், மற்றக் கந்தோரில நேர வந்து போமை நிரப்பச் சொல்லினம், நேர வாறதுக்கும் பாஸ் வேணும் பிள்ளை எண்டு கேட்டன், அந்தப் பிள்ளை போனை வைச்சிட்டுது. பயித்தங்காய் கொடியிலயே காய்ஞ்சு விதையாப் போச்சு. அயலுக்குக் குடுத்தன், மாட்டுக்குப் போட்டன், மிச்சத்தைப் பாத்திக்குள்ளயே தாட்டன். அதே கிழமை எங்கட ஒழுங்கைக்குள்ள பட்டா லொறியில தம்புள்ளைக் கரட் கொண்டுவந்து வித்தாங்கள், சனம் முண்டியடிச்சு வாங்குது. லொறிக்குப் பாஸ் இருக்கு, எனக்கு இல்லை.

சந்தை திறந்த நேரத்தில மட்டும் என்ன வாழுது? 100 கிலோ கொண்டுபோனா 10 கிலோ கழிவு எண்டு கழிச்சுப்போட்டு 90 கிலோவுக்குக் காசு. ஏன் எண்டு கேட்டா அது வழக்கம். உந்தக் கழிவை நிப்பாட்டச் சொல்லி எத்தினை கூட்டம் வைச்சாச்சு, நீங்களே செய்தி போட்டனியள், கழிக்கிற கை இன்னும் கழிக்குது. கொரோனா காலத்தில அந்த 10 கிலோவுக்கும் மாஸ்க் போட்டுவிட்டது மட்டும்தான் வித்தியாசம்.

பிறகு வீட்டுத்தோட்டத் திட்டம் எண்டு விதைப் பைக்கற் தந்திச்சினம். பைக்கற் ஒண்டு, அதைக் குடுக்கிற படம் மூண்டு. தந்தது சித்திரை வெயிலில, எங்கட மழை ஐப்பசியில எண்டு ஆரிட்டயும் கேட்டாச் சொல்லியிருப்பினம். அதுவும் ஹைபிரிட், அந்தக் காயில விதை எடுத்து நட்டாத் தாயைப் போல வராது. என்ர மாமி பூசணி விதையைச் சாணியில அப்பிச் சுவரில ஒட்டி வைப்பா, பயித்தை விதையைச் சாம்பலில பிரட்டிப் போத்தலில போட்டு வைப்பா. அவ பள்ளிக்கூடம் போனது மூண்டாம் வகுப்பு மட்டும், படத்துக்கும் நிண்டதில்லை. மஞ்சளும் அப்பிடித்தான். இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு கிலோ 5000 ரூபாவைத் தொட்டுது, கடத்தி வந்து பிடிபட்ட செய்தி உங்கட பேப்பரில கிழமைக்கு ஒண்டு. எங்கட கிணத்தடியில வாழைக்குக் கீழ அது தன்ர பாட்டில நிண்டது.

பிறகு 2021 மே மாசத்தோட இரசாயன உரத்தையும் நிப்பாட்டிச்சினம். நான் அதுக்கு எதிரி இல்லை. நாங்களும் யூரியாவை அள்ளிக் கொட்டினனாங்கள்தான், ஒளிக்கேல்லை. இது சுண்ணாம்புக்கல்லு நிலம், ஆறு குளம் நம்பி நாங்கள் இல்லை, மேல போடுறது கீழ கிணத்துக்குத்தான் போகும். குடிக்கிற தண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல நைத்திரேற் கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்கட பக்கத்துக் கிணறு கனக்க அதைத் தாண்டினது எண்டு யாழ்ப்பாணக் கம்பஸ் ஆக்கள் எத்தினை வருசமாச் சொல்லினம், அந்தச் செய்தி உங்கட பேப்பரில ஏழாம் பக்கத்தில வரும், பின்பக்கம் முழுக்கக் கிருமிநாசினி விளம்பரம். ஆனா ஒரே நாளில நிப்பாட்டச் சொன்னாப் பசளைக்குத் தாக்கிற குழைக்கு எங்க போறது? முந்தி நாலு பக்கமும் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் வேலி, வெட்டித் தோட்டத்துக்குத் தாட்டாப் போதும், தரவையில மேயுற மாட்டைக் கொண்டுவந்து பட்டி அடைப்பம். இப்ப எல்லாம் மதில். வெளிநாட்டுக் காசு வந்த உடன முதல் வேலை வேலியை வெட்டி மதில் கட்டுறது, இரண்டாவது முத்தத்துக்குக் கல்லுப் பதிக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வளவிலயும் கட்டியாச்சு, கொரோனா நேரம் அங்கயிருந்து மதிலுக்கு மேலால பாவிச்ச மாஸ்க் பறந்து வந்து என்ர வல்லாரைப் பாத்திக்குள்ள விழுந்தது. ஈக்கிலால தூக்கி எரிச்சன், அந்த மணத்துக்கும் எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

2020 மார்கழியில மருதனார்மடத்தில கொரோனாக் கொத்தணி வந்த நேரமும் ஒரு கடிதம் போட்டனான், நீங்கள் போடேல்லை. பரவாயில்லை, உங்களுக்கும் இடம் வேணுமே.

நான் கேக்கிறது ஒண்டுதான். முந்தி மூண்டாம் பக்கத்தில ஒரு சின்னப் பெட்டிக்குள்ள எங்கட தின்னவேலிச் (திருநெல்வேலி) சந்தை மரக்கறி விலை போடுவியள். 2020 ஊரடங்கோட அதை நிப்பாட்டினது, பிறகு திருப்பிப் போடேல்லை. விலை தெரியாமப் போனா வாங்கிறவன் சொல்லுறதுதான் விலை. அந்தப் பெட்டியைத் திருப்பிப் போடுங்கோ, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போட்டாப் புண்ணியம்.

இப்படிக்கு,
உரும்பிராயில இருந்து ஒரு பழைய வாசகி