ஆற்றோரத்து ஆறு நிரையை விட்டுவிடுங்கள்

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பாமாயிலுக்குச் செம்பனை போட்டிருக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும், சொந்தமாக நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் பிறந்தவள். 2007-ல் ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் மருந்து அடித்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அதனால் செம்பனையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது மின்மினிப் பூச்சிகளுக்காக, ஆற்றை ஒட்டிய கடைசி ஆறு நிரை (மர வரிசை) நிலத்தைப் பற்றி மட்டும்.

போன மாதம் மகளை இதே ஆற்றங்கரையில் இருக்கும் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க அழைத்துப்போனேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா கூட்டிப்போன அதே இடம். அன்றைக்கு ஆற்றோரச் சதுப்பில் வளரும் ஒரு பெரெம்பாங் மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இந்த முறையும் மகள் கைதட்டினாள், அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் நடுநடுவே இருட்டாக நின்ற மரங்கள் உறுத்தின. படகுக்குத் துடுப்பு போட்ட பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) கேட்டேன். மரம் அப்படியே இருக்கிறது, பூச்சிதான் வருவதில்லை என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடித்தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் மரத்தில் பார்ப்பது வளர்ந்த பூச்சியை, அது சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும், அந்த மினுக்கல் எல்லாம் ஜோடி தேடத்தான். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி புழுவாகத் தரையில் போகிறது. ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி நீப்பா, ரும்பியா என்ற சதுப்புப் பனைகளும் புல்லும் மண்டிக் கிடக்கும் ஈரத் தரையில் சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று அந்தப் புழு மாதக்கணக்கில் வளர்கிறது. அப்படியென்றால் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் மரத்தை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றினால் ஆகாது. பின்னால் இருக்கும் புதரில் களைக்கொல்லி அடித்தால் புல் காயும், தரை காயும், நத்தை போகும், புழு பட்டினி கிடக்கும். பூச்சி மருந்து பட்டால் சொல்லவே வேண்டாம்.

அந்த மருந்து என்ன செய்யும் என்பதை நான் எங்கும் படிக்க வேண்டியதில்லை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு கையுறை இல்லாமல் அடித்த அம்மாவின் நகங்கள் கருத்து வெடித்துப் போயிருந்தன. மனிதருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இந்த நாட்டில் முழுதாகத் தடை செய்ய 2020 வரை ஆனது. மனிதருக்கே இவ்வளவு தாமதமென்றால், பேச வாயில்லாத புழுவுக்காக யார் போய் மனு கொடுப்பது?

சிலர், ஒரு பூச்சிக்காகவா இவ்வளவு பேச்சு என்று கேட்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்கலாமா? மலேசியச் செம்பனையில் ஒரு காலத்தில் ஆள் போட்டு, பூவுக்குப் பூ மகரந்தத் தூள் தூவிய கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்தச் செலவு ஒழிந்தது. இன்றைக்கும் உங்கள் குலை காய்ப்பது அந்த வண்டு உழைப்பதால்தான். மின்மினியும் ஒரு வண்டுதான் ஐயா.

ஆற்றின் நிலைமையும் முன்போல இல்லை. மேலே அணை, பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இறைக்கும் தண்ணீர், எல்லாம் போக மிச்சம்தான் கீழே வருகிறது. வறட்சி வந்தால் அதுவும் மெலிந்து, கடல் உப்பு மேலே ஏறும். பெரெம்பாங் கொஞ்சம் உப்பைத் தாங்கும், அளவு மீறினால் அதற்கும் கஷ்டம். 2014-ல் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் குழாய் காய்ந்தது. வெயில் கூடுவதையும் மழை தவறுவதையும் இந்த ஊரில் இருந்துகொண்டு நம்மால் நிறுத்த முடியாது, சரி. கரையைத் தொடாமல் இருக்க முடியும். கரையில் அடர்ந்த செடிகொடி இருந்தால் உரமும் மருந்தும் மழையோடு நேரே ஆற்றில் இறங்காது, மண்ணும் சரியாது.

40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆறு நிரை. நிற்கிற மரத்தை இன்றைக்கே வெட்டச் சொல்லவில்லை. அங்கே மருந்து மட்டும் அடிக்காதீர்கள், புல்லைக் கத்தியால் வெட்டிப் பாதை விடுங்கள். பிறகு 25 வருஷம் ஆகி மறுநடவுக்கு வரும்போது அந்த ஆறு நிரையில் கன்று வைக்காமல் நீப்பாவுக்கும் ரும்பியாவுக்கும் விட்டுவிடுங்கள். சின்னத் தோட்டக்காரர்களுக்கு ஆறு நிரை என்பது பெரிய இழப்பு, அதற்கு அரசாங்கம் ஈடு தர வேண்டும் என்று கேட்டால் உங்களோடு வந்து கையெழுத்துப் போட நான் தயார்.

இந்தப் பக்கம் பல தோட்டங்களில் மறுநடவு நெருங்குகிறது. இயந்திரம் இறங்கும் முன் கரையோரம் எங்கே நிறுத்துவது என்று ஒரு நாள் சேர்ந்து நடந்து பார்த்து முளை அடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன், அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.