நகர வரலாற்றை மாணவர்களிடம் ஒப்படைக்கும் வரலாற்றுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

தங்கள் நகரத்தின் வரலாற்றை மாணவர்களே தேடித் தொகுத்து இணையத்தில் ஏற்றும் டிஜிட்டல் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு படமும் ஆவணமும் எப்போதையது, எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று குறிக்கும் சான்றுப் பதிவேட்டுக்கு மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்குங்கள். இப்போது கடைசி வாரம் திரையில் காட்டும் இணையதளத்துக்கே பெரும்பங்கு போய்விடுகிறது. எதற்கு மதிப்பெண்ணோ அதற்குத்தான் மாணவர் உழைப்பார். தளம் பளிச்சென்று இருக்கும். அதிலுள்ள படம் எந்த ஆண்டு எடுத்தது, யார் கொடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'நகரின் வரலாறு' என்று கொடுத்தால் ஏற்கெனவே எல்லாரும் எழுதிய நான்கு பத்திகள்தான் திரும்ப வரும். ஒரு தெரு, ஒரு சந்தை, மூடிப்போன ஒரு ஆலை போதும். ஒரு தெருவுக்கே நகராட்சித் தீர்மானப் புத்தகம், வரிப் பதிவேடு, நில அளவை வரைபடம், பழைய செய்தித்தாள், வீட்டுப் பரணில் கிடக்கும் புகைப்படம் என்று 15 வாரத்துக்குப் போதுமான வேலை இருக்கிறது. ஆவணக் காப்பகத்துக்கான அனுமதிக் கடிதம் பாடம் தொடங்கும் முன்பே போய்விட வேண்டும். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மாணவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

புகைப்படம் கிடைத்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), டிஃப் என்ற படக் கோப்பாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 4 × 6 அங்குல வண்ணப் படம் ஏறத்தாழ 26 எம்பி வரும். முன்பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பின்பக்கமும் தனிக் கோப்பாக வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், ஆல்பத்தில் ஒட்டிய பசையின் தடம் எல்லாம் பின்னால்தான் இருக்கின்றன. படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க முகப்பைவிடப் பின்பக்கம் உதவிய சந்தர்ப்பங்கள் நிறைய.

பதிவேட்டுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 1995இல் ஓஹையோவின் டப்ளின் நகரில் நடந்த பட்டறையில் பிறந்த டப்ளின் கோர் என்ற ஆவண விவரிப்பு முறையில், நிரப்ப வேண்டிய 15 களங்கள் உள்ளன. மாணவர்கள் வெறுமையாக விடுபவை பெரும்பாலும் மூலம், உரிமை, இட-கால எல்லை ஆகிய மூன்றும்தான். தேதிக் களத்தில் படம் எடுத்த நாளுக்குப் பதிலாக ஸ்கேன் செய்த நாளை எழுதிவிடுவார்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாதபோது '1932~' என்று எழுதப் பழக்குங்கள். தோராயம் என்பதைச் சொல்லும் இந்த முறை தேதி எழுதுவதற்கான 2019ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 8601-2 பன்னாட்டுத் தரத்திலேயே இருக்கிறது.

பதிவேடு பெரும்பாலும் எக்ஸெல்லில்தான் பாழாகிறது. கதவு எண் 5/12 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 5 ஆகலாம், மே 12 ஆகலாம். பிறகு அந்த நெடுவரிசையை உரையாக மாற்றினால் ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். பழைய கதவு எண் போனது போனதுதான். தட்டச்சு செய்யும் முன்பே நெடுவரிசையை உரை வகைக்கு மாற்றிவிட வேண்டும். வழக்கமான அமைப்பில் 1900க்கு முந்தைய தேதிகளை எக்ஸெல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. அவை உரையாகவே நின்றுவிடுவதால், கால வரிசையில் அடுக்கும்போது 1890கள் 1950களுக்குப் பின்னால் போய் விழும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கதவு எண்ணில் இன்னொரு பொறி உண்டு. நகரங்கள் வீடுகளுக்கு மறு எண் இடும். பழைய பதிவேட்டின் 14ஆம் எண்ணை இன்றைய 14ஆம் எண் என்று எடுத்துக்கொண்டால் மாணவர் வேறொரு வீட்டின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பார். தெருமுனைக் கட்டடத்தில் தொடங்கி வரிசையாக எண்ணி, இரண்டு வேறு ஆண்டுப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பிறகே வீட்டை உறுதி செய்ய வேண்டும்.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும் வேலையை கியூஜிஐஎஸ்ஸில் செய்யலாம். அது இலவச வரைபட மென்பொருள். இரண்டு வரைபடங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பார்கள். அவற்றைக் கொண்டு பழைய வரைபடத்தை நீட்டி வளைத்துப் பொருத்தும் கணக்குதான் மாற்றம். படி கூடக் கூட வளைவும் கூடும். முதல் படி மாற்றத்துக்கு 3 கட்டுப்பாட்டுப் புள்ளிகள், இரண்டாம் படிக்கு 6, மூன்றாம் படிக்கு 10 குறைந்தபட்சம். மூன்றே புள்ளி வைத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும், மாணவர் மகிழ்ந்துபோவார். சரிபார்க்க நான்காவது புள்ளி இல்லாததால் வரும் பூஜ்யம் அது. குறைந்தது எட்டுப் புள்ளிகளை நான்கு மூலைகளிலும் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். கற்கட்டடத்தின் மூலை, ரயில் பாலத்தின் தூண் போன்ற நகராத இடங்களே புள்ளிக்கு உகந்தவை. ஆற்றங்கரையும் சாலை ஓரமும் ஆகாது. கரை நகரும், சாலை அகலும். கூகுள் மேப்ஸில் நகலெடுத்தால் அட்சரேகை முதலில் வரும். இணைய வரைபடங்களுக்கான ஜியோஜேசன் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில். மாற்றிப் போட்டால் உங்கள் சந்தை உலகின் வேறொரு மூலையில் போய் நிற்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் சுழியமாகும் கினி வளைகுடாவின் நடுக்கடலில் ஒரு புள்ளி தெரிந்தால், யாரோ ஆயத்தொலைவை நிரப்பவில்லை, நிரல் அதைச் சுழியமாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் மணிக்கு 500 எம்பிக்குச் சற்று மேல். பேச்சுக்கு முன் மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் அன்றே கையெழுத்து வாங்குங்கள். அவர் காலமான பிறகு குடும்பத்தாரிடம் அதைக் கேட்கும் நிலை மாணவருக்கு வரக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவரக் குறைந்தது நான்கைந்து மணி நேரமாகும். ஒருவருக்கு ஒரு நேர்காணலுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, தளத்தின் ஆயுள். வரலாற்றுத் துறைகளில் பரவலாகப் பயன்படும் ஓமேகா என்ற இணையதள மென்பொருள் 2008இல் வெளிவந்தது. சேகரிப்புகளை அடுக்க நல்ல கருவி. அதற்கு பிஹெச்பி என்ற நிரல்மொழியும் தரவுத்தளமும் தேவை. புதுப்பிக்க ஆளில்லாவிட்டால் சில ஆண்டுகளில் உடையும். ஆகவே பாடம் முடியும் வாரத்திலேயே தளத்தை வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு நகல் எடுங்கள். பதிவேட்டை யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகவும் (தமிழ் எழுத்துகள் சிதையாத, எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) மூலக் கோப்புகளை அப்படியேயும் சேர்த்து நூலகத்தில் ஒன்று, துறையில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என வையுங்கள். பக்கங்களை, இணையப் பக்கங்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள். இந்த மூன்று நகல்களையும் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை, ஆளின் பெயராக அல்லாமல் பதவியின் பெயராக, முதல் வாரப் பாடத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நகர வரலாற்று ஆவணப் பணியில் இருப்போர்