லாக்புக்கில் என் கையெழுத்து

மாப்ளே,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே. விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் காலேஜிலிருந்து என் பல் லேபுக்கு நீ பயிற்சிக்கு அனுப்பிய இரண்டு பேரில் அந்தப் பையன் போன திங்கட்கிழமை ஒரு பல்செட்டைப் பாழாக்கிவிட்டான். ஒரு பெரியவருக்கானது. வியாழக்கிழமை பேத்தி கல்யாணம். கிளினிக்குக்குக் கிளம்பும் அவசரத்தில் "கியூரிங் போட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அக்ரிலிக் பிளாஸ்டிக்கைச் சூட்டில் இறுக வைக்கிற வேலைதானே, 74 டிகிரித் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அப்புறம் ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். பையனுக்கு ஊருக்குப் போகும் பஸ் ஆறரைக்கு. பல்செட் அச்சு இருக்கிற ஃப்ளாஸ்க்கை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கிவிட்டான். மறுநாள் தேய்த்துப் பார்த்தால், கீழ் செட்டில் தடித்த இடமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ். ஆப்பத்தைப் பிட்ட மாதிரி.

கத்தினேன். ஜிப்பா மாஸ்டர் கத்துவாரே, அதே குரல், எனக்கே கேட்டது. நீ அனுப்பிய இன்னொருத்தி, அந்தப் பெண்தான் மெதுவாக, "மெல்லிசா இருக்கிற இடம் நல்லாத்தானே சார் இருக்கு, இங்கே மட்டும் ஏன்?" என்றாள். அக்ரிலிக் பொடியில் கலக்கிற மானோமர் திரவம் 100 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கும், இறுகும்போது அதுவே வேறு சூடு கக்கும், தடித்த இடத்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை என்றேன். வைவா பரீட்சையில் சொன்னதற்கப்புறம் இப்போதுதான் இதை வாய்விட்டுச் சொல்கிறேன். பையன் தலை நிமிராமல், "இதை யாரும் சொல்லலை சார்" என்றான்.

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதமாக அவனுக்குக் கொடுத்த வேலை ஸ்டோன் பவுடர் கலப்பதும், அதில் ஊற்றிய வாய் மாடலை ட்ரிம் பண்ணுவதும். அன்று சாயந்தரம் அவன் செய்த வேலைகளைக் குறிக்கிற லாக்புக்கைப் புரட்டினேன். "கியூரிங் – 12 கேஸ்". கீழே என் கையெழுத்து. அவன் தொட்டது இந்த ஒன்றைத்தான், மாப்ளே.

நீயும் தப்பிக்காதே. வாரத்தில் திங்கள், செவ்வாய் மட்டும் அனுப்புகிறாய். திங்களன்று மாடல் ஊற்றிய கேஸ் புதனன்று பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்க ட்ரையலுக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை பாலிஷ். அடுத்த திங்கள் இவர்கள் வரும்போது அது யார் வாயிலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது! ஒரு கேஸைக்கூட முதலிலிருந்து கடைசிவரை பார்க்காமல் இரண்டு வருஷப் படிப்பு முடிந்துவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் எல்லாருக்கும் ஆசை. சூளையில் ஜிர்கோனியா என்கிற பீங்கான் ஏறக்குறைய 20 சதவீதம் சுருங்கும் என்று மென்பொருளே கணக்குப் போட்டுப் பெரிதாக்கி வெட்டிவிடுகிறது. அக்ரிலிக்கை அப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெரியவர் பழைய கீழ் செட்டோடுதான் பந்தியில் உட்கார்ந்தாராம். டாக்டரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை புதிதாக அளவு எடுக்கிறார்கள். அந்தச் செட்டைப் பையனே செய்யட்டும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அதற்கு அவன் வெள்ளிக்கிழமை வரை இங்கே இருக்க வேண்டும். உங்கள் பிரின்சிபாலிடம் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு.

உன்
மாவுக்கை