நாலு சொல் யாருக்கும் சொந்தமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விளம்பர வாசகங்கள் மிகச் சிறியவை, அவற்றுக்கு யாரும் உரிமை கோர முடியாது, சிறு வியாபாரிகள் அதை நினைத்து மனம் வருந்துவது வீண் என்று கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதே இதழின் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு கறித்தூள் விளம்பரம். அதில் பெரிய எழுத்தில் இருந்தது என்னுடைய வாசகம். இரண்டையும் ஒரே நாளில் வாசித்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விசுவமடுவில் கறித்தூள் அரைத்து விற்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து, பெருஞ்சீரகத்தைக் கடைசியில்தான் போடுவேன். வறுக்கிற நாளில் பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலிக்கரையில் வந்து நிற்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் போத்தல் லேபலுக்கு ‘மூடி திறந்தால் முற்றம் மணக்கும்’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்று தருமபுரம் சந்தையில் என் பெயர் தெரியாதவர்கள்கூட “முற்றம் மணக்கிற தூள் இருக்கோ” என்று கேட்டு வாங்குகிறார்கள்.

சரி, பதிப்புரிமை கிடைக்காது என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சிறு தொடர்களைப் பதிவதே இல்லை. ஆனால் சட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறதா? எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வியாபாரக் குறி என்று ஒன்று இருக்கிறதே. ஒருவருடைய பொருளை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுகிற வாசகத்தைக் குறியாகப் பதியலாம். 10 வருடப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். பதியாத குறியானாலும், இன்னொருவர் அதைப் பாவித்து, பொருள் வாங்குகிறவரைக் குழப்பினால் அது நேர்மையற்ற போட்டி என்கிறது 160ஆம் பிரிவு. கிற்கற் சொக்லேட்டின் ‘ஹாவ் எ பிரேக்’ வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2005இல் என்ன சொன்னது? ‘ஹாவ் எ பிரேக், ஹாவ் எ கிற்கற்’ என்ற நீண்ட வாசகத்தின் துண்டாகவே அது புழங்கி வந்தாலும், கேட்டதும் இன்னாருடைய பொருள் என்று மக்கள் அறிந்தால் அதுவும் குறியாகலாம் என்றது. விளம்பர வாசகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவை மறுக்க முடியாது என்று 2010இல் ஆவுடி கார்க் கம்பனியின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. தருமபுரம் சந்தையில் கேட்டுப் பாருங்கள், என் வாசகம் யாருடையது என்று. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் பாதியில் நிறுத்தியதுதான் வலிக்கிறது.

பதிவு அலுவலகம் கொழும்பில், வணிக மேல் நீதிமன்றமும் கொழும்பில். இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். மெஷினை நிறுத்திவிட்டு, சட்டத்தரணிக்கும் காசு கட்டி நான் போய் நிற்க வேண்டும். என் வரியை எடுத்தவர்களுக்கு அங்கேயே ஆள் இருக்கிறது.

இதொன்றும் புதிதல்ல. மீள்குடியேறிய காலத்தில் பயிற்சி தர வந்த அமைப்பொன்று, நான் மிளகாய் வறுக்கிற படத்தை என்னைக் கேட்காமலே கலண்டரில் போட்டது. பைக்கற் கட்டவும் லாப நட்டம் பார்க்கவும் சொல்லித் தந்தார்கள். லேபலில் உள்ளதைப் பதிந்து வையுங்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் பத்திரிகையும் வன்னிப் பெண்கள் என்றால் ‘போரால் பாதிக்கப்பட்டவர்கள்’ என்றுதான் எழுதுகிறது. கடன் எடுத்து, கடன் அடைத்து, நாலு பேருக்குக் கூலி கொடுக்கிற வியாபாரிகள் என்று ஒரு தடவையாவது எழுதினீர்களா? அதைக் கேட்டு முன்பு அனுப்பிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன்.

உங்கள் பத்திரிகைப் பெயருக்குக் கீழும் பல வருடங்களாக ஒரு வாசகம் அச்சாகிறது. நாளை வேறொரு பத்திரிகை அதைத் தன் முகப்பில் போட்டால், வருந்துவது வீண் என்று இருந்துவிடுவீர்களா?

நான் கேட்பது பெரிதில்லை. விளம்பரம் எடுக்கும்போது ‘இந்த வாசகம் உங்களுடையதுதானா’ என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு வார்த்தை கேட்கட்டும். 160ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதை அதே வணிகப் பக்கத்தில், எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும் தமிழில் போடுங்கள். என் லேபலையும், முதன்முதல் அதை அடித்த அச்சகத்தின் பற்றுச்சீட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். லேபலை வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், பதிவுக்குப் போகும்போது தேவைப்படும்.

இப்படிக்கு,
கறித்தூள் உற்பத்தியாளர் ஒருவர்,
விசுவமடு.