ஈயக்குண்டு வார்க்கச் சமையலறை இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் (படகுத்துறையில்) நீரோட்டம் இழுக்கும் நாளில் தூண்டில் அடியில் நிற்க நல்ல கனமான ஈயக்குண்டு வேண்டும். பாறையில் சிக்கி அடிக்கடி அறுந்துபோகிறது. வாங்கிக் கட்டுப்படியாகாமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்பிலேயே ஈயத்தை உருக்கி வார்ப்பவர்கள் உண்டு. புகைக்குப் பயந்து சன்னலைத் திறந்துவைக்கிறார்கள். ஆனால் அதைவிடத் தண்ணீருக்கும் தூசிக்கும்தான் பயப்பட வேண்டும்.

ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். வார்க்க 370 முதல் 400 வரை போதும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு நீர் அகப்பட்டால், 1,600 மடங்குக்கும் மேல் ஆவியாக விரிந்து சட்டியில் இருப்பதை முகத்தில் வாரியடிக்கும். நம் ஊர்க் காற்றில் கரண்டி நுனியில்கூட ஈரம் தங்கும். கடலில் கிடந்த பழைய குண்டின் துளைக்குள் உப்புநீர் ஒளிந்திருக்கும். அதனால் குளிர்ந்த சட்டியிலேயே கட்டிகளைப் போட்டுச் சூடேற்றுங்கள். உருகிய ஈயத்தில் புதிதாக எதையும் போடாதீர்கள். அச்சையும் கரண்டியையும் முதலில் சூடாக்குங்கள். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும், சூடு மிஞ்சினால் பனி படிந்ததுபோல் வெளுக்கும்.

சட்டி வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மெல்லிய அலுமினியச் சட்டி சூட்டில் தளர்ந்து அடி விட்டுவிடும். ஈயத்துக்காக உருக்கும் கார்ச் சக்கர எடைக்கட்டிகளில் சில துத்தநாகம். அது உருக 420 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் மிதக்கும், அள்ளிவிடலாம். கலந்துவிட்டால் ஈயம் கூழாகி அச்சில் ஓடாது. பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம்: அதன் கசடில் ஈரம் பட்டால் ஆர்சீன் என்ற நச்சுவாயு கிளம்பக்கூடும்.

கசடுதான் எல்லாவற்றிலும் மோசம். மேலே படியும் அந்தச் சாம்பல்நிறப் பொடி ஈய ஆக்சைடு. காய்ந்தால் மாவுபோல் பறந்து சமையல் மேடையில் படியும், அங்கிருந்து துடைக்கும் துணிக்கு, பிள்ளையின் விரலுக்கு, வாய்க்குப் போகும். இந்த அளவுவரை பாதகமில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் எல்லையே அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சன்னலைத் திறந்துவைப்பதால் இந்தப் பொடி போய்விடாது. விளக்குமாற்றால் கூட்டினால் இன்னும் பரவும். ஈயம் உருக்கிய சட்டியைக் கழுவி மறுபடி சமையலுக்கு எடுப்பது பெரிய தவறு.

பாறைப் பகுதிக்கு ஈயக்குண்டுக்குப் பதிலாகப் பழைய இரும்பு நட்டுகளே போதும். அதே எடைக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். நட்டை மெயின் லைனைவிட (முதன்மைத் தூண்டில் நூலைவிட) மெல்லிய தங்கூசியில் (நைலான் நூலில்) கட்டுங்கள். சிக்கினால் நட்டு மட்டும் அறுந்துபோகும், தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வரும்.

பிடோக் வாசகர்